கோலாக்கொட்டைக்கு ஆங்கிலம் விளங்காது

போன சனிக்கிழமை ஊருக்குப் பெட்டி அனுப்புவதற்காக பேஸ்மென்ற்றில் இருந்து சாமான் அடுக்கிக்கொண்டிருந்தேன். சவர்க்காரம், சொக்லேற், தம்பியின் பிள்ளைகளுக்குத் தொப்பி வைத்த குளிர்ச்சட்டை. யாழ்ப்பாணத்தில் குளிர்ச்சட்டை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "பெரியப்பா, ஸ்ரைலுக்கு" என்றார்கள். பெட்டி நிரம்பியதும் மண்ணிற ரேப்பை இழுத்து ஒட்டத் தொடங்கினேன். கிர்ர்ர்ர்ர். மேலே இருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, பிளீஸ்! அந்த சவுண்ட் இஸ் ஸோ எனோயிங்!"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பல் கூசும் சத்தம்தான். ஆனால் என் கை நின்றுவிட்டது. ரேப்பின் பசை மணம் ஒன்று உண்டு, கவனித்திருக்கிறீர்களோ தெரியாது. லேசான மண்ணெண்ணெய் வாடையும் புது மட்டைப் பெட்டியின் வாடையும் கலந்த ஒன்று. அது மூக்கில் ஏறியதும் நான் ரொறன்ரோப் பக்கத்து மில்லிக்கனில் இல்லை. குவாங்சோவில் இருந்தேன்.

தென் சீனாவில் இருக்கிறது குவாங்சோ. கனடாவுக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் அங்கே வேலை செய்தேன். எங்கள் ஆட்களிடம் சொன்னால், "சைனாவிலயோ? அங்க என்ன செய்தனீர்?" என்று ஆவலோடு கேட்பார்கள். "பெட்டி கட்டினன்" என்பேன். ஏதோ பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டு வீட்டு விலைக் கதைக்குப் போய்விடுவார்கள். பகிடி இல்லை, உண்மையாகவே பெட்டிதான் கட்டினேன். கொழும்பு முதலாளி ஒருவர் அங்கே சரக்கு அனுப்பும் கந்தோர் ஒன்று வைத்திருந்தார். எங்களிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆபிரிக்க வியாபாரிகள். ஜீன்ஸ், போன் உறை, பொய்முடி, குளியலறை ஓடு, எதையும் வாங்குவார்கள். நாங்கள் கட்டிக் கப்பலில் ஏற்றுவோம். அந்தத் தெரு முழுக்க இப்படிக் கந்தோர்கள்தான். விடிந்தால் பறவைச் சத்தம் கேட்காது. கிர்ர்ர் என்று ரேப் இழுபடும் சத்தம்தான் கேட்கும்.

அந்தத் தெருவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். முதலாளி கொழும்பில். கந்தோரில் என்னோடு வேலை செய்த லின் என்ற பெண்ணுக்கு ஆங்கிலத்தில் "ஓகே"யும் "ருமாறோ"வும் தெரியும். நல்ல பிள்ளை. சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி எனக்கும் ஒரு பிடி தள்ளிவிடுவாள். வேலை முடிந்து அறைக்குப் போனால் சோறு அவிக்கும் குக்கர்தான் துணை. அதனோடு தமிழில் கதைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். "என்ன, அவிஞ்சிட்டுதோ?" என்று கேட்டால் அது டிக் என்று பதில் சொல்லும். அந்த நாட்களில் எனக்கு நேரில் பதில் சொன்ன ஒரே தமிழ்ச் சீவன் அதுதான்.

வதனியை அப்போது கலியாணம் கட்டியாயிற்று. கொழும்பில் கலியாண எழுத்து, தாலி, சில கிழமைகள் சேர்ந்து இருந்தது. பிறகு அவள் கனடாவில், மோர்னிங்சைட்டில் தாய் தகப்பனோடு இருந்தபடி மருந்துக்கடை வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஸ்பொன்சர் அலுவல் ஆமை வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இரவானால் அவளுக்குக் காலை. ஒருவர் கொட்டாவி விட மற்றவர் அவசரப்பட, எங்கள் குடித்தனம் போனில் நடந்தது. இப்படிச் சொன்னால் கவலையாகத் தெரியும். உண்மையில் அதைவிடக் கொஞ்சம் கூடக் கவலைதான்.

அப்பாவோடும் போனில்தான். அப்பா பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் பேச மாட்டார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சந்தோஷம் வந்தாலும் அதே சைக்கிள்தான். போனில் அவர் என்னிடம் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"சாப்பிட்டியோ? சரி, வை. காசு போகுது."

இன்ரநெற் கோலுக்குக் காசு போகாது என்று எத்தனையோ தரம் விளங்கப்படுத்தியிருக்கிறேன். "ஓம் ஓம்" என்பார். பிறகு, "சரி, வை, காசு போகுது."

அப்பா ஒரு ஆடி மாதத்தில் நெஞ்சுநோ வந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே செத்துப்போனார். என் பாஸ்போட் அந்த நேரம் விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. அதை இடையில் எடுக்க முடியாது என்றார்கள். நான் மூத்தவன். கொள்ளி வைத்தது தம்பி. வீடியோ கோலில் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதும் சரியில்லை. நெற் இழுத்து இழுத்து, தம்பியின் முதுகு அப்படியே உறைந்து நின்றது. அது அசைந்தபோது எல்லாரும் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். அடுத்தநாள் வழமைபோல வேலைக்குப் போனேன். யாருக்குச் சொல்ல? லின்னுக்குச் சொல்ல எனக்குச் சொல் தெரியாது. அவளுடைய "ஓகே"யைக் கேட்கவும் மனமில்லை. சவரம் மட்டும் செய்யவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை தாடி எடுப்பதில்லை அல்லவா, அந்த ஒன்றையாவது சரியாகச் செய்வோம் என்று.

அந்தத் தாடியைக் கண்டுபிடித்தவன் ஒபின்னா.

ஒபின்னா நைஜீரியாவில் ஒனிச்சா என்ற ஊர்க்காரன், இக்போ இனத்தவன். மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் வாங்கி அனுப்புகிறவன். ஆள் கதவு அளவு இருப்பான், குரல் அதைவிடப் பெரிது. மெய் என்ற சீனப் பெண்ணைக் கட்டியிருந்தான், அடா என்று ஒரு சின்ன மகளும் இருந்தாள். நாங்கள் இருவரும் கதைத்தது ஆங்கிலத்தில்தான், அவன் ஒரு மாதிரி ஆங்கிலம், நான் ஒரு மாதிரி. ஆனால் என்ன மாயமோ, இன்றைக்கு நினைத்துப் பார்க்கும்போது அவன் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறான். ஆகவே அப்படியே எழுதிவிடுகிறேன்.

"என்ன, தாடி விடுறாய்? கலியாணம் கட்டினவன் தாடி விட்டா மனுசி கோவிச்சிட்டா எண்டு அர்த்தம்" என்றான் ஒருநாள், பொதி கொண்டுவந்து போட்டபடி.

"அப்பா செத்துப்போனார்."

அவன் அந்தப் பொதியின் மேலேயே இருந்துவிட்டான்.

"எப்ப?"

"போன கிழமைக்கு முதல் கிழமை."

"போகேல்லையோ?"

"பாஸ்போட் விசா ஒபிசில."

எழும்பி வந்து என் கையில் இருந்த ரேப்பை வாங்கினான். அன்று எனக்கு மிச்சமிருந்த பெட்டி எல்லாவற்றையும் அவனே ஒட்டினான், தன்னுடையதை மட்டுமல்ல, மற்ற வியாபாரிகளின் பெட்டிகளையும். கோணல்மாணலாகத்தான் ஒட்டினான். லின் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது வாசலில் நின்று சொன்னான்:

"வாற ஞாயிறு பின்னேரம் வா. எங்கட ஆக்கள் புதுக்கிழங்குக் கொண்டாட்டம் வைக்கினம்."

"கொண்டாட்டத்துக்கு வரேலாது. எங்களுக்குத் துடக்கு."

துடக்கு என்பதை, செத்தவீட்டுத் தீட்டை, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அகராதியில் எப்போதோ பார்த்த சொல் நினைவுக்கு வர, "பொலூஷன்" என்றேன். அவன் குழம்பிப்போய் வெளியே வானத்தைப் பார்த்தான். அன்றைக்கு நகரத்தில் நல்ல புகைமூட்டம். "அது எல்லாருக்கும்தானே" என்றான்.

பிறகு ஒருவழியாக விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினான். "செத்தவைக்குக் குடுக்காம நாங்கள் புதுக்கிழங்கைத் தொடமாட்டம். முதல் அவைக்கு. பிறகுதான் எங்களுக்கு. அதுக்கும் பிறகுதான் டான்ஸ். டான்ஸ் தொடங்கேக்க நீ எழும்பிப் போ."

அன்று வதனியிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, முப்பத்தொண்டு முடியேல்லை. கொண்டாட்டத்துக்கோ போகப்போறியள்? மாமி கேட்டா என்ன சொல்லுவா?"

"வரேலாது எண்டுதான் சொல்லிப்போட்டன்."

"பிறகேன் என்னட்டக் கேக்கிறியள்?"

அந்தப் பக்கம் அவள் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது.

"உந்த அறைக்குள்ள தனிய இருந்து என்னத்தைச் செய்யப்போறியள்? போறதெண்டாப் போங்கோ" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் தாய் நின்றிருக்க வேண்டும், "மீன் இறைச்சி, மச்சம் மட்டும் சாப்பிடாதேங்கோ."

மண்டபம் என்றால் மண்டபம் இல்லை, ஒரு சீனச் சாப்பாட்டுக்கடையின் மேல்மாடி. முதல்நாள் யாருக்கோ கலியாணம் நடந்திருக்கிறது, சுவரில் சிவப்புக் கடதாசிச் சோடனை கழற்றாமல் இருந்தது. அதற்குக் கீழே சிங்கமுகம் அச்சிட்ட நீளச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் போட்ட ஆண்கள், தலையில் கோபுரம்போல் துணி கட்டிய பெண்கள். பரிமாறுகிற சீனப் பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நானும் அவர்களுக்குப் பக்கத்தில் போய் அப்படியே ஒட்டிக்கொண்டேன். பால்கனியில் கரி அடுப்பில் கிழங்கு சுட்டார்கள். கடைக்கார முதலாளி நெருப்பு அலாரம் அடித்துவிடும் என்று பயந்து ஒரு மட்டையால் புகையை வெளியே விசிறிக்கொண்டிருந்தார். அவரும் கொஞ்ச நேரத்தில் ஒரு சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டார், யார் கொடுத்தார்களோ.

கிழங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊதா நிற ராசவள்ளிக் கிழங்குக்கு வெள்ளையாக ஒரு தமையன் இருந்தால் அப்படி இருக்கும், தடித்து, மண்நிறத் தோலோடு. ஊரில் இருந்து வந்த ஒரு வியாபாரி சட்டைகளுக்குள் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்தது கொஞ்சம்தான். அது சடங்குக்கு. மற்ற ஆட்கள் சாப்பிடுவதற்குச் சீனச் சந்தையில் வாங்கிய மெல்லிய கிழங்கு. அது வெட்டினால் வழவழவென்று கையில் ஒட்டும். "இதையும் கிழங்கெண்டு சொல்லுறாங்கள்" என்று ஒரு அம்மா முகத்தைச் சுளித்தபடி தோல் சீவிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்தவர்களில் வயதில் மூத்தவர் ஒரு துணி வியாபாரி. மெலிந்த மனிதர், கண்ணாடியின் ஒரு கால் உடைந்து ரேப் ஒட்டியிருந்தது. அவர் முன்னால் ஒரு தட்டில் கோலாக்கொட்டைகள். எங்கள் ஆட்களுக்கு வெற்றிலை பாக்குப் போல அவர்களுக்கு அது. ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்து அவர் இக்போவில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வரிக்கும் முழு மாடியும் "இசே!" என்றது. அப்படியே ஆகட்டும் என்று பொருளாம். பிறகு செத்தவர்களுக்குக் கள்ளு வார்க்க வேண்டும். மண்ணில் வார்ப்பதுதான் முறை. அங்கே மண்ணில்லை, முதலாளியின் கம்பளம்தான் இருந்தது. கள்ளுக்குப் பதிலாக பியரும் மண்ணுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்ரிக் பேசினும் வந்தன. யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருடம் வீட்டில் சாவு கண்டவர்கள் ஒவ்வொருவராக முன்னால் போனார்கள். பெயரைச் சொன்னார்கள். மூத்தவர் அதைத் திருப்பிச் சொன்னார். எல்லாரும் "இசே!" ஒரு பெண் தன் தங்கையின் பெயரைச் சொன்னபோது குரல் உடைந்து பாதியில் நின்றுவிட்டது. மூத்தவர் மிச்சத்தை அவரே சொல்லி முடித்தார். அந்தத் தங்கையை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒபின்னா குனிந்து அவரின் காதில் ஏதோ சொன்னான். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைத் தேடினார். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மேடையில் இருந்து பாதியில் இறங்கி ஓடியவன் நான். ஒபின்னா என் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். தட்டுக்கு முன்னால் நின்றேன்.

"என்னுடைய தகப்பனாரின் பெயர்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

மூத்தவர் கையைத் தூக்கி மறித்தார். ஏதோ சொன்னார். ஒபின்னா திருப்பிச் சொன்னான்: "இங்கிலீஸ் வேண்டாமாம். கோலாக்கொட்டைக்கு இங்கிலீஸ் விளங்காது."

"எனக்கு உங்கட பாஷை தெரியாதே."

அதையும் கேட்டுவிட்டு அவர் கொஞ்சம் எரிச்சலாகத்தான் பதில் சொன்னார்.

"கொப்பருக்கு ஒரு பாஷை இருந்திருக்கும்தானே, அதில சொல்லு எண்டுறார்."

நான் அந்தக் கொட்டையைப் பார்த்தேன்.

"அப்பா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்த நகரத்தில் அத்தனை பேருக்கு முன்னால் நான் தமிழ் பேசியதே இல்லை. "அப்பா, நான்தான். வரேலாமப் போச்சு. தம்பி எல்லாம் சரியாச் செய்தவனாம். அம்மா சுகமா இருக்கிறா. நான்... நான் சாப்பிட்டன் அப்பா."

வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "வல்லிபுரம்" என்றேன்.

"வலிபூரம்!" என்றார் மூத்தவர், நல்ல கம்பீரமாக.

"இசே!" என்றது மாடி. சுவரோடு நின்ற சீனப் பிள்ளைகளில் ஒருத்தியும் சேர்ந்து சொன்னாள், இத்தனை தரம் கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

மூத்தவர் சுட்ட கிழங்கில் ஒரு துண்டைச் சிவப்புப் பனையெண்ணெயில் தோய்த்து என் கையில் வைத்தார். ஒரு பக்கம் கருகியிருந்தது. மாச்சத்தோடு லேசான இனிப்பு, எண்ணெயின் காறல், கரி மணம். தின்றேன். ஒருவரும் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, தோளில் தட்டவில்லை. அடுத்த ஆள் வந்து நின்றார், நான் விலகினேன். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அங்கே எனக்கு நடந்தது விசேஷம் ஒன்றுமில்லை, வரிசையில் நானும் ஒருவன்.

மேளம் தொடங்கியதும் சொன்னபடி எழும்பிவிட்டேன். படிவாசலில் மெய் மறித்து, கிழங்குத் துண்டுகளை ஒரு பையில் போட்டுத் தந்தாள். அடா எனக்கு மூன்று பாஷையில் போய்வரச் சொன்னாள். அதுவரை ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு சீனக் கிழவி எழும்பித் தன் இடத்தை எனக்குத் தந்தார். தாடியோடு ஒரு வெளிநாட்டுக்காரன் பஸ்ஸில் நின்று அழுகிறான், வேறு என்ன செய்வது அந்த மனுசி.

வதனி போன் எடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். துடக்கைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "மாமான்ர பேரை அவை என்னெண்டு சொன்னவை?" என்று கேட்டாள்.

"வலிபூரம்."

அவள் சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போனாள். சில கிழமைகள் மட்டுமே கூட இருந்த ஒருத்தி, அன்றிலிருந்துதான் எனக்கு மனைவி என்று நான் நினைப்பதுண்டு. இதை அவளிடம் சொன்னதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வருடம் விசா வந்தது. ரொறன்ரோ வந்து சேர்ந்தேன். இங்கே எல்லாம் இருக்கிறது. கோயில், ஐயர், திவசத்துக்கு எள்ளும் தர்ப்பையும், திரும்பிய பக்கமெல்லாம் தமிழ். ஒவ்வொரு வருடமும் ஐயர் அப்பாவின் பெயரைப் பிழையில்லாமல், மிக வேகமாகச் சொல்கிறார். குறை சொல்லவில்லை, வெளியே அடுத்த குடும்பம் காத்துக்கொண்டிருக்கும். சுற்றிவரத் தமிழ் இருக்க, அறைக்குள் குக்கரோடு கதைத்தவனைவிடக் குறைவாகத்தான் இப்போது நான் கதைக்கிறேன் போலத் தோன்றுகிறது. மகள் கேட்பாள், "அப்பா, ஏன் கொயற்றா இருக்கிறீங்க?" வேலைக்களைப்பு என்பேன்.

ஸ்காபரோவில் ஒரு பூங்காவில் இக்போ ஆட்கள் புதுக்கிழங்குக் கொண்டாட்டம் வைப்பதாக வேலையிடத்தில் ஒருவர் சொல்லி, ஒருமுறை குடும்பத்தோடு போனோம். அருமையான மனிதர்கள். தட்டு நிறையத் தந்தார்கள், கிழங்கும் தட்டுப்பாடில்லாமல் கிடந்தது. குவாங்சோவில் இருந்தவர்கள் யாரும் உண்டோ என்று விசாரித்தேன். ஒருவர் தன் மச்சான் அங்கே இருந்ததாகவும் இப்போது எங்கே என்று தெரியாதென்றும் சொன்னார். அதற்குள் கொண்டாட்டம் முடிந்து, எங்கள் பின்னால் கூடாரம் கழற்றுகிறவர்கள் வந்துவிட்டார்கள்.

ஒபின்னா எழுத மாட்டான். அங்கே எல்லாரும் வைத்திருக்கும் ஒரு சீனச் செய்திச் செயலியில் குரல் செய்திதான் அனுப்புவான். ஒவ்வொரு ஆவணியிலும் ஒன்று வரும், பின்னால் "இசே!" கேட்கும். முதல் வருடங்களில் அது மாடி அதிர்வதுபோல் இருந்தது. பிறகு அந்தச் சாப்பாட்டுக்கடையை இடித்துவிட்டார்கள் என்றான். ஆட்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள் என்றான். மூத்தவர் ஊருக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினாராம். ஒரு ஆவணியில் அவன் வீட்டு அறைக்குள்ளேயே செய்தார்கள். "இசே" சொன்ன குரல்களைத் தனித்தனியாக அடையாளம் காண முடிந்தது, மெய்யின் குரல்கூட. அதற்கடுத்து அவன் தாயைப் பார்க்க ஒனிச்சாவுக்குப் போனான். அந்த நேரம் பார்த்து நோய் வந்து உலகமே கதவைச் சாத்தியது. மெய் மகளைக் கூட்டிக்கொண்டு தன் தாய் தகப்பனின் கிராமத்துக்குப் போய்விட்டாள். கடைசியாக வந்த செய்தியில் அவன் குரல் சின்னதாகியிருந்தது. அடாவுக்கு இக்போ மறந்துபோச்சாம், ஆங்கிலமும் போச்சாம். தான் போனில் கதைக்க, அவள் தாயின் முகத்தைப் பார்க்கிறாளாம்.

போன மாரியில் என் போன் பழுதாகி வேறு வாங்கினேன். அந்தச் சீனச் செய்திச் செயலியை மறுபடி திறக்கப் பார்த்தபோது உள்ளே விடவில்லை. உங்களை ஏற்கெனவே தெரிந்த நண்பர் ஒருவர் தன் கணக்கில் இருந்து, இவர் அவர்தான் என்று உறுதி செய்ய வேண்டும் என்றது. ஒபின்னாவின் கணக்கு நின்றுபோய்விட்டது. மெய்யின் எண் மாறிவிட்டது. லின் கலியாணம் கட்டி எங்கோ போய்விட்டாள், அவளுடைய முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பலமுறை முயன்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது மரியாதையாக அதே கேள்வியைத்தான் கேட்டது. அந்த நகரத்தில் என்னைத் தெரியும் என்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.